பாய் நனையும் இரவுகள்

ஒரு முதலாம் தர வகுப்பை எடுத்துக்கொள்வோம். கல்லடியோ, களுவாஞ்சிகுடியோ, காத்தான்குடியோ, எந்த ஊரானாலும் சரி. நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹொங்கொங்கில் சி. கே. யூங் என்ற சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் 5 முதல் 19 வயது வரையானவர்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2006 இல் வெளிவந்தது. ஐந்து வயதில் நூற்றுக்கு 16 பேர் இரவில் படுக்கையை நனைத்தார்கள். மற்ற நாடுகளின் கணக்குகளும் இதற்கு அருகில்தான் நிற்கின்றன. அந்த விகிதத்தை நமது வகுப்பில் வைத்துப் பார்த்தால் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள்.

அந்த ஆறு பேரில் யாருக்கும் மற்ற ஐவரைத் தெரியாது. காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்; கை முறிந்தால் கட்டின்மேல் கையெழுத்துப் போட நண்பர்கள் வருவார்கள். இதை மட்டும் பிள்ளை தனியே சுமக்கிறது, தன்னைப்போல் வேறு யாரும் இல்லை என்று நம்பிக்கொண்டு. வீட்டில் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, எழும்பிப் போகப் பஞ்சி. மற்றது, எதையோ கண்டு பயந்துவிட்டது, நூல் கட்ட வேண்டும். முதலாவது முற்றிலும் பிழை. இரண்டாவது சில பிள்ளைகளுக்குப் பொருந்தும், பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது. இரவில் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தால் இது விளங்கும்.

வளர்ந்த ஒருவரின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வெளியே போவது ஒன்றரை அல்லது இரண்டு லீற்றர். மீதி அத்தனையும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அதில் பெரும்பங்கு தானாகவே திரும்பும். கடைசிப் பங்கில் எவ்வளவைத் திருப்புவது, எவ்வளவை வெளியே விடுவது என்பதை மூளை தீர்மானிக்கிறது. அதற்கென்று மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வசோபிரெசின் என்ற ஓமோன் இரத்தத்தில் இறங்குகிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறிய மூலக்கூறு அது. சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியிலுள்ள கலங்களை அது போய்த் தொட்டதும், கலங்களுக்குள் காத்திருந்த நுண்ணிய நீர்வாசல்கள் நகர்ந்து வந்து கலச்சுவரில் பொருந்துகின்றன. வாய்க்காலில் ஓடும் நீர் வடிச்சலுக்குப் போய்ச் சேருமுன் வரம்பில் வக்கடை வெட்டி வயலுக்குத் திருப்புவதைப் போல, நீர் அந்த வாசல்கள் வழியாக இரத்தத்துக்குத் திரும்பிவிடும். மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகுமளவுக்கே அந்த வாசல் அகலமானது. இத்தகைய நீர்வாசல் ஒன்றை முதன்முதலில் இனங்கண்டவர் அமெரிக்கரான பீற்றர் ஏகர். அதற்காக 2003 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நம்மில் பலருக்கு இந்த ஓமோன் இரவில் கூடுதலாகச் சுரக்கும். அதனால் இரவில் சிறுநீர் குறைந்து, நிறம் தடித்து வரும். எழும்பாமல் எட்டு மணித்தியாலம் தூங்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பிறந்த பிள்ளைக்கு இந்த இரவு பகல் ஒழுங்கு கிடையாது. அது மெல்ல மெல்லத்தான் வந்து சேர்கிறது. 1980களில் டென்மார்க்கில் யென்ஸ் பீற்றர் நோர்கார்டும் அவரோடு வேலை செய்தவர்களும், படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பலரிடம் இந்த இரவு ஏற்றம் இல்லை என்று காட்டினார்கள். அவர்களுடைய சிறுநீரகங்கள் நடுச்சாமத்திலும் பகலைப் போலவே நீரை விட்டுக்கொண்டிருந்தன.

அடுத்தது சலப்பை. ஒரு பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அந்த வயதுச் சலப்பை கொள்ளக்கூடிய அளவு மில்லிலீற்றரில் கிடைக்கும் என்பது சிறுவர் வைத்தியர்கள் பயன்படுத்தும் கணக்கு. ஏழு வயதென்றால் 240. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு போயா விடுமுறையில் பிள்ளை ஒண்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அளவு கீறிய பிளாஸ்ரிக் கோப்பையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எல்லா முறையும் எண்பது, தொண்ணூறு என்றே வந்தால், சலப்பை நிரம்ப முன்னரே சுருங்குகிறது என்று பொருள். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்றாவது மூளை. நனைக்கும் பிள்ளை இடி விழுந்தாலும் எழும்பாது என்று பெற்றோர் சொல்வார்கள். அதைக் கேட்டு, ஆழமான தூக்கம்தான் காரணம் என்று வைத்தியர்களும் நெடுங்காலம் நினைத்தார்கள். யூங்கின் குழு 2008 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறு முகத்தைக் காட்டியது. கடுமையாக நனைக்கும் பிள்ளைகளின் மூளை அலைகளை இரவிரவாகப் பதிந்தபோது, அவர்களுடைய தூக்கம் மற்றப் பிள்ளைகளின் தூக்கத்தைவிட இலேசாக இருந்தது. சலப்பை சுருங்கச் சுருங்க மூளை விழிப்பின் விளிம்புவரை வருகிறது, திரும்பவும் அமிழ்கிறது, மறுபடியும் வருகிறது. முழுதாக விழிக்க மட்டும் முடிவதில்லை. இரவு முழுவதும் அழைப்பைக் கேட்டு ஓய்ந்துபோன மூளை அது. பஞ்சியில் கிடக்கிறது என்று நாம் திட்டுகிற பிள்ளை உண்மையில் சரியாகத் தூங்கவே இல்லை. இதைப் படித்த பிறகு ஒரு நனைந்த பாய்க்காக எந்தப் பிள்ளைமேலும் கை ஓங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு பிள்ளைக்கு இந்த மூன்றில் ஒன்று பிந்தியிருக்கலாம், இன்னொன்றுக்கு இரண்டோ மூன்றோ பிந்தியிருக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் நனைப்பவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுவிடுகிறார்கள். நனைப்பதை நிறுத்தவென்று கொடுக்கும் எள்ளுருண்டைக்கும் கட்டும் நூலுக்கும் கிடைக்கும் பெயர் இந்தப் பதினைந்து பேரால் கிடைப்பது. எள்ளுருண்டையால் கெடுதி இல்லை, பிள்ளைக்குச் சந்தோசமும் கூட. ஆனால் சலப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனிப் பயத்தைப் பற்றி. மட்டக்களப்பு வாவிக்கரையில் இதைக் கடந்து போக முடியாது. இங்கே பயப்படக் காரணங்கள் இருந்தன. 2004 டிசம்பர் 26 இல் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடந்த நாவலடி ஆழிப்பேரலையில் அழிந்தது. மிஞ்சியவர்கள் திராய்மடுவுக்குப் போனார்கள். 2006 முடிவிலும் 2007 தொடக்கத்திலும் போருக்குத் தப்பி வாகரையிலிருந்து ஆயிரக்கணக்கில் சனம் நடந்தும் படகிலும் வந்து முகாம்களில் படுத்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் இறந்தார்கள். இத்தகைய நாட்களுக்குப் பிறகு, ஏற்கெனவே நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடியும் நனைக்கத் தொடங்குவது உலகம் முழுக்க அறியப்பட்டது. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன மாதத்திலும், தகப்பனும் தாயும் பிரிந்த மாதத்திலும், புதுக் குழந்தை பிறந்த மாதத்திலும் அது நடக்கும்.

ஆனால் அந்த அனுபவமே நம்மிடம் ஒரு பிழையான பழக்கத்தையும் விட்டுப் போயிருக்கிறது. நனைந்த பாயைக் கண்டவுடன் பயம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இன்று முதலாம் தரத்தில் இருக்கும் பிள்ளை போரையும் அலையையும் காணவில்லை. அதன் பாயும் நனைகிறது. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பிள்ளை எப்போதாவது ஆறு மாதம் தொடர்ந்து நனையாமல் இருந்திருக்கிறதா? இல்லை என்றால் அது பிறந்ததிலிருந்து தொடரும் வகை; அதற்கு மேலே சொன்ன மூன்றும்தான் பெரும்பாலும் காரணம், பயத்தைத் தேடி அலைய வேண்டாம். ஆம், இருந்தது, இப்போது திடீரென்று தொடங்கியது என்றால், என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்க வேண்டும். வீட்டிலோ பள்ளியிலோ வாகனத்திலோ யாராவது அந்தப் பிள்ளையைத் துன்புறுத்துகிறார்களா என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும். அதோடு உடல் நோயையும் பார்க்க வேண்டும். பயந்த பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்பதை மட்டக்களப்பு தானே செய்து காட்டியிருக்கிறது. 1996 இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கனேடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள். என்ன நடந்தது சொல் என்று யாரும் நெருக்காத இடம் அது. அப்படிப்பட்ட பொழுதுகள் இன்றும் தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறந்ததிலிருந்து தொடரும் முதல் வகையைப் பொறுத்தவரை இரத்த உறவைக் கேட்பது பயன் தரும். தாய், தகப்பன் இருவருமே சிறு வயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளையும் நனைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 77 என்றும், ஒருவர் மட்டும் என்றால் 44 என்றும், இருவரும் இல்லை என்றால் 15 என்றும் பழைய கணக்கு ஒன்று சொல்கிறது. 1995 இல் டென்மார்க்கில் ஒரு குழு, சில குடும்பங்களில் இது 13ஆம் நிறமூர்த்தத்தோடு சேர்ந்து இறங்குவதாகக் கண்டது. 2021 இல் அதே நாட்டில் இன்னும் பெரிய ஆய்வு 6ஆம், 13ஆம் நிறமூர்த்தங்களில் இரண்டு இடங்களைக் காட்டியது.

மட்டக்களப்பில் குடி தாய் வழியில் வருகிறது. நிறமூர்த்தங்கள் இரு வழியிலும் வரும். இங்கே கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம் என்பதால், பிள்ளையை வளர்ப்பவர் பெரும்பாலும் தாயின் தாய். மருமகனின் சிறு வயதுப் பாய்களைக் கழுவிய மற்றப் பெத்தா வாவிக்கு அப்பால் வேறு ஊரில் இருப்பார். எனவே பிள்ளை நனைத்ததும், "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இப்படி இல்லையே" என்ற பேச்சு எழும். பக்கத்தில் இருக்கும் தகப்பன் வாயைத் திறக்கமாட்டார். அவர் திறக்க வேண்டும். "உன்ட வயசில எனக்கும் இப்பிடித்தான் மனே. பத்து வயசு மட்டும் பாய நனைச்சன். மறுகா தன்பாட்டில நிண்டிட்டு" என்று ஒரு தகப்பன் சொன்னால், அந்தப் பிள்ளையின் தனிமை அந்த இடத்திலேயே கலையும். வேறு எந்த மருந்தும் இவ்வளவு விரைவாக வேலை செய்யாது.

அடி எந்தக் காலத்திலும் வேலை செய்ததில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் எட்டு வயதில் விடுதிப் பாடசாலைக்குப் போனவுடன் படுக்கையை நனைக்கத் தொடங்கினார், அதற்காக அடி வாங்கினார். நடுவயதில் அதைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதும் அளவுக்கு அது அவருக்குள் கிடந்தது. வாவியின் இரு கரையிலும் விடுதிகளும் சிறுவர் இல்லங்களும் நிறைய உண்டு. அங்கே பொறுப்பாக இருப்பவர்கள் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. மெத்தைக்கோ பாய்க்கோ மேல் றப்பர் சீற், இரண்டு மாற்று விரிப்பு, மற்றவர்கள் எழும்புமுன் குளிக்க ஒரு வழி, காலையில் மற்றப் பிள்ளைகள் முன்னால் யாரும் எதுவும் சொல்லாத ஒழுங்கு. மாரியில் பன்பாய் காயாது என்பதால் அந்த மாதங்களுக்கு றப்பர் சீற் இன்னும் அவசியம்.

வீட்டில் செய்ய வேண்டியது பகலில் தொடங்குகிறது. பள்ளிக்கூட மலசலகூடம் அழுக்காக இருக்கிறதென்று பல பிள்ளைகள், பெண்பிள்ளைகள் இன்னும் கூடுதலாக, காலையிலிருந்து இரண்டு மணிவரை தண்ணீர் குடிப்பதுமில்லை, ஒண்டுக்குப் போவதுமில்லை. வெயிலில் வீட்டுக்கு வந்து, பின்னேரத்தில் நாளுக்குரிய முழுத் தண்ணீரையும் குடிக்கிறார்கள். மாலையில் பிளேன்ரீ, அதிலுள்ள கஃபீன் வேறு. இரவுச் சோற்றோடு கருவாடு. உப்பு கூடினால் சிறுநீரகம் அதை வெளியேற்ற இரவு முழுக்க நீரையும் சேர்த்து அனுப்பும். இதைத் திருப்பிப் போட வேண்டும். குடிக்கும் நீரில் பெரும்பங்கு பின்னேரத்துக்கு முன் முடிய வேண்டும், தாகத்தோடு படுக்க விடுவதும் கூடாது. பள்ளியில் இடைவேளைக்கு ஒருமுறை போகும்படி ஆசிரியரிடம் சொல்லி வைக்கலாம். படுக்கப் போகும் நேரத்தில் ஒருமுறை, விளக்கை நூர்க்குமுன் இன்னொரு முறை. மலசலகூடம் வளவின் மூலையில் இருந்தால் இருட்டில் பிள்ளை போகாது. உள்ளே ஒரு வாளி வையுங்கள், அல்லது கூட யாராவது போங்கள்.

மலச்சிக்கலை இங்கே யாரும் கவனிப்பதில்லை. நிரம்பிய மலக்குடல் சலப்பையை முன்னே தள்ளி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஷமான் ராஜிந்திரஜித்தும் அவரோடு சேர்ந்தவர்களும் இலங்கைப் பாடசாலைகளில் நடத்தி 2012 இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 16 வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் மலச்சிக்கல் இருந்தது. போர் பாதித்த பகுதிகளில் அது இன்னும் கூடுதலாக இருந்தது. மலச்சிக்கலுக்கு மட்டும் மருந்து கொடுத்து நனைவதும் சேர்ந்து நின்ற பிள்ளைகள் உண்டு. எனவே வேறு எதையும் தொடங்குமுன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இவற்றால் போதாது, பிள்ளைக்கும் ஏழு வயது தாண்டிவிட்டது, பிள்ளையும் விரும்புகிறது என்றால் அலாரம் இருக்கிறது. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1904 இல் மெய்ன்ஹார்ட் ஃபொன் ஃபவுண்ட்லர் என்ற சிறுவர் வைத்தியர், வைத்தியசாலையில் குழந்தை நனைத்தவுடன் தாதிமார் துணி மாற்ற வசதியாக, ஈரம் பட்டதும் மணி அடிக்கும் ஒரு கருவியைப் படுக்கையில் வைத்தார். மணி தாதிமாருக்குத்தான். ஆனால் கொஞ்ச நாளில் பிள்ளைகள் நனைப்பதையே நிறுத்தத் தொடங்கினார்கள். 1938 இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் இதையே முறையான சிகிச்சையாக்கினார்கள். இன்றைய அலாரம் உள்ளாடையில் கிளிப் செய்யும் சிறிய பற்றரிக் கருவி. முதல் வாரங்களில் மணி கேட்டு வீடே எழும்பும், பிள்ளை எழும்பாது. பெரியவர் ஒருவர் பிள்ளையை முழுதாக எழுப்பி, நடத்திக்கொண்டு போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு பிள்ளைகள் அளவில் நனையாமல் எழும்புகிறார்கள். பிற்பாடு சிலருக்குத் திரும்பவும் வரும். மறுபடி அலாரம் கட்டினால் பெரும்பாலும் நிற்கும். பெற்றோர் நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டுபோய் இருத்துவது அன்றிரவுப் பாயைக் காப்பாற்றும், அதற்கு மேல் எதையும் பழக்காது.

டெஸ்மோபிரெசின் என்ற மாத்திரை மேலே சொன்ன வசோபிரெசினைப் போலவே வேலை செய்யும். வைத்தியர் எழுதித் தந்தால், கல்விச் சுற்றுலாவுக்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்கும் இரவுக்கும் அது பெரிய உதவி. ஒரு விதி மட்டும் கண்டிப்பானது. மாத்திரை போட்ட இரவில், அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பிருந்து காலைவரை பிள்ளை ஓரிரு மிடறுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. வெளியேற முடியாத நீர் இரத்தத்தின் உப்பைக் குறைத்து வலிப்பைக் கொண்டுவரலாம். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் உள்ள நாளில் மாத்திரையே வேண்டாம். பழைய மருந்தான இமிப்பிரமின் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். சிறு பிள்ளை அள்ளி விழுங்கினால் இதயம் நின்றுவிடலாம்.

காத்திருக்கக் கூடாத பிள்ளைகளும் உண்டு. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, விடாத தாகமும் மெலிவும் இருந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். சலம் போகும்போது எரிவு, காய்ச்சல், பகலிலும் ஒழுகுதல், கால் பலவீனம், முள்ளந்தண்டின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ இருந்தாலும் பிந்த வேண்டாம். சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் வளர்ந்த சதையை அகற்றியபின் நனைவதும் நின்ற சம்பவங்கள் பல.

பெரியவர்களைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். யூங்கின் குழு ஹொங்கொங்கில் 16 முதல் 40 வயது வரையானவர்களிடம் தொலைபேசியில் கேட்டபோது, நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் இன்னும் நனைப்பதாகச் சொன்னார்கள். சிறு வயதில் தொடங்கி நிற்காமல் வந்தவர்கள் அவர்கள். முதிர்ந்த வயதில் புதிதாகத் தொடங்குவது வேறு கதை. ஐம்பது அறுபது தாண்டிய ஆண் ஒருவர் இரவில் நனைக்கத் தொடங்கினால், புரொஸ்ரேற் வீங்கி, சலப்பை வெளியேற்ற முடியாமல் நிரம்பி வழிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வலி எதுவும் இல்லாமலே அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் தடை, இரவில் குடிக்கும் சாராயம், சில மனநல மருந்துகள், முதுகெலும்பு நோய் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. முதுகு வலியோடு இரு கால்களுக்கும் இடையில் மரத்துப்போய் சலமும் கட்டுப்படாவிட்டால் அது அவசர நோய்.

சிறு வயதிலிருந்து தொடரும் இளைஞருக்கு வைத்தியம் பிள்ளைக்குரியதுதான்: அளவுக் கொப்பி, ஒரு சலப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கான், பிறகு அலாரமோ மாத்திரையோ இரண்டுமோ. அவர்களை நான் நினைக்கும்போதெல்லாம் வருவது கல்யாணம். கல்யாணத்துக்குப் பின் மனைவியின் வீட்டில், மாமா மாமியோடு ஒரே கூரையின் கீழ் படுக்கப் போகிற இளைஞர் இதை யாரிடமும் சொல்லாமல் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். பெண்களுக்கும் அதே பயம் உண்டு, சொல்ல இடம் இன்னும் குறைவு. அலாரத்துக்கு மூன்று மாதமாவது வேண்டும். மாத்திரை பொருந்துகிறதா என்று பார்க்கவும் சில வாரம் போகும். ஆகவே கல்யாண நாள் குறித்தபின் ஓடாமல், பேச்சுத் தொடங்கும்போதே வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் ஒரு துண்டு எடுக்க வேண்டும்.